மலைக்கோட்டை காலையில், காவிரி சாயங்காலத்தில்

பாப்பா, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகிறாய் என்றதும் எனக்கு முதலில் சொல்லத் தோன்றியது ஒன்றுதான்: மலைக்கோட்டையை மத்தியானத்துக்கு வைக்காதே. கடத்தூரிலிருந்து போகிற நம்ம ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். விடியக் கருக்கலில் கிளம்பி, சேலம் போய் பஸ் மாறி, திருச்சியில் கால் வைக்கும்போதே பத்து, பதினொன்று ஆகிவிடும். நேரே மலைக்கு ஓடுவார்கள். தாயுமானவர் சந்நிதி நடை சாத்துகிற நேரம், வெயில் உச்சந்தலையில் இறங்கும், மேலே கல் சுடும். உச்சிப் பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு இறங்கி, கடைவீதியில் நாலு நைட்டி வாங்கி, ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நின்று முட்டி வலித்து, ஆற்றைப் பாலத்தின் மேல் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் திருச்சி என்பது இரண்டே இடம்தான். தெப்பக்குளத்தைச் சுற்றி இருக்கிற பழைய தெருக்கள், காவிரியின் இரண்டு கரை. பார்க்க வேண்டியதெல்லாம் இவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதனால் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போ. முதல் நாள் மத்தியானம் கிளம்பினால் போதும்.

போகிற வழி

சேலத்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் இரண்டு கேள்வி கேள். முசிறி வழியா? சத்திரம் போகுமா? 2025-ல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் பல அங்கே போய் நிற்கின்றன. அது மதுரை ரோட்டில் ஊருக்கு வெளியே இருக்கிறது. மலைக்கோட்டைக்கு நடக்கிற தூரத்தில் இருப்பது சத்திரம் பேருந்து நிலையம். பஞ்சப்பூரில் இறக்கிவிட்டாலும் பயமில்லை, சத்திரத்துக்கு டவுன் பஸ் கிடைக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடையாது, 2021-லிருந்து நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் இருக்கிற அதே விடியல் பயணம்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் சில்லறை எடுத்து வை.

முசிறி வழி என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நாமக்கல் தாண்டி, தொட்டியம் பக்கம் வந்ததும் ரோடு காவிரியின் வடகரையை ஒட்டியே போகும். வலது பக்க ஜன்னலைப் பிடித்துப் பிள்ளைகளை உட்கார வை. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆறு எட்டிப் பார்க்கும், மறையும், மறுபடி வரும். குணசீலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் முதலில் கொள்ளிடத்தைக் கடப்பீர்கள், பிறகு திருவானைக்கா, அதற்கப்புறம் காவிரிப் பாலம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுப் போவதைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து விளக்க வேண்டாம், பஸ்ஸே காட்டிவிடும்.

இது ஏதோ வேற்றூர் ஆறு என்று நினைத்துக்கொண்டு போகாதே. ஒகேனக்கல்லில் பாறையில் மோதி விழுகிற அதே தண்ணீர்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013-லிருந்து நம்ம ஜில்லாக் குழாயில் வருகிறதே, அதற்கும் இதே ஆறுதான் தாய். மேட்டூரில் தங்கி, வழியில் பவானியையும் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு, முக்கொம்பு வரும்போது அகலமாகி, நடை தளர்ந்திருக்கும். ஒகேனக்கல்லில் அதன் இரைச்சலை மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இந்த அமைதி வித்தியாசமாக இருக்கும்.

எந்த மாதம் போவது என்பதை இந்தத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். அதனால் ஆடி பிறந்ததிலிருந்து தை வரைக்கும் போனால் ஆறு ஆறாக இருக்கும். ஏப்ரல், மேயில் பள்ளிக்கூட லீவு விட்டாச்சு என்று கிளம்பினால் மணல்தான் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது ஐப்பசி, கார்த்திகை. மழை பெய்தாலும் வெயில் கொல்லாது. குடை மட்டும் மறக்காதே.

ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போகலாமா என்று அம்மா கேட்பாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் புதுத் தாலிக்கயிறு மாற்றுகிற பெண்கள், காதோலை கருகமணி, முளைப்பாரி என்று அன்றைக்கு ஊரே கரையில் இருக்கும். பார்க்க ஆசைதான். ஆனால் அம்மா முட்டியையும் பிள்ளைகள் கையையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உன்னால் முடியாது. ஆடியிலேயே கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளாகப் பார்த்துப் போ.

ராத்திரி தெப்பக்குளம்

தங்குவதற்குச் சத்திரம் பக்கம் சின்னதும் பெரியதுமாக லாட்ஜ்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறபோது ரூமைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டு. ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரை ரோட்டில் அறநிலையத்துறை கட்டிய யாத்ரி நிவாஸ் இருக்கிறது, முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்துகொண்டால் அதுவும் வசதி. ஆனால் நான் சொல்கிற வரிசைக்கு மலைக்கோட்டைப் பக்கம் தங்குவதே நல்லது. காலையில் எழுந்து நேரே படியேறலாம்.

பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ராத்திரி ஏழு மணிக்குத் தெப்பக்குளம் பக்கம் வா. சுற்றிலும் கடைகள் மறைத்துக்கொண்டு நிற்பதால், உள்ளே ஒரு குளம் இருப்பதே தெரியாமல் துணி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். இடைவெளியில் எட்டிப் பார். நடுவில் மண்டபம், அதற்கு மேலே, விளக்குப் போட்ட மலை. விசுவநாத நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம் என்று சொல்வார்கள். பங்குனியில் சாமி இதில்தான் தெப்பம் வருவார்.

வாங்க வேண்டியதை இந்த ராத்திரியே வாங்கிவிடு, மறுநாள் பையைச் சுமந்துகொண்டு கோயில் கோயிலாக அலைய வேண்டாம். என்.எஸ்.பி. ரோடு துணிக்கும் பாத்திரத்துக்கும், பெரிய கடை வீதி நகைக்கு, சின்னக் கடை வீதி மற்ற எல்லாவற்றுக்கும். சாரதாஸில் நுழைந்தால் நேரம் போவதே தெரியாது, ஆகவே உள்ளே போகும்போதே எத்தனை மணிக்கு வெளியே வருவது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போ. பிளாட்பாரக் கடையில் சொன்ன விலையைக் கொடுக்காதே, நம்ம சந்தையில் பேசுகிற மாதிரியே பேசு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் இந்தப் பக்கம் தலை வைக்காதே. போலீஸ் கோபுரம் கட்டி மேலே நின்று கூட்டத்தைப் பார்க்கிற அளவுக்கு நெரிசல். தாலிச் செயினுக்கு ஊக்குக் குத்தி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் தூங்கி வழிந்தால் மெயின்கார்டு கேட் பக்கத்து மைக்கேல் ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போ, விழித்துக்கொள்வார்கள்.

மலை

காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் முன்னால் நில். காபி மட்டும் குடித்திருந்தால் போதும். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். பழனி மாதிரி விஞ்ச் எல்லாம் இங்கே கிடையாது, படி நானூறுக்கு மேல். மலை உயரம் 83 மீட்டர்தான், ஆனால் படி செங்குத்து. நல்ல செய்தி என்னவென்றால் பெரும்பகுதி படிக்கட்டு கூரைக்குள்ளேயே, பாறையைக் குடைந்த வழியாகப் போகிறது. வெயிலும் மழையும் அங்கே படாது. கடைசிப் பகுதி மட்டும் வெட்டவெளி.

அம்மாவைத் தாயுமானவர் சந்நிதி வரைக்கும் மெதுவாகக் கூட்டிப் போ. அதற்கு மேல் அவளாகக் கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அவளுக்கு அது பிடிக்கும். பிரசவத்துக்குத் தாய் வரமுடியாமல் போன பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்து பார்த்த கதை நடந்த இடம் என்பார்கள். பெண் இங்கே, தாய் பூம்புகாரில். பேறுகாலம் பார்க்க வந்த தாய்க்கு, காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. ஆறு வடிந்து அவள் வந்து பார்த்தால், வீட்டில் ஏற்கனவே ஒரு அம்மா இருக்கிறாள், அவள் உருவத்திலேயே. கர்ப்பிணிகள் நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வது இந்தச் சந்நிதியில்தான். பெரியம்மா மகளுக்கு இது ஏழாம் மாதம் அல்லவா, அம்மாவிடம் சொல்லி ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்.

தாயுமானவர் சந்நிதிக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு குடைவரை இருக்கிறது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு அதைத் தாண்டி ஓடுவார்கள். நீ நில். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மகேந்திரவர்மன் குடைந்தது. உள்ளே சுவரில் கங்காதரர், சடையை விரித்து கங்கையைத் தாங்குகிற சிற்பம். தூண்களில் ராஜாவின் வடமொழிக் கல்வெட்டு. அதில் இருக்கிற கற்பனையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். சிவனுக்கு ஆறுகள் என்றால் ஆசையாம், ஏற்கனவே கங்கையைத் தலையில் வைத்திருக்கிறார். இப்போது கண்ணுக்கு எதிரே காவிரி வேறு ஓடுகிறது. இவர் அவளையும் பார்த்து மயங்கிவிட்டால் என்ன செய்வது என்று பார்வதி பயந்து, அப்பா வீடான இமயமலையை விட்டுவிட்டு இந்த மலையிலேயே வந்து குடியிருக்கிறாளாம். அதோடு, இந்த ஆறு பல்லவனுக்குச் சொந்தமானவள் என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறாளாம். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா தன் ஊர் ஆற்றைப் புகழ்வதற்கு ஒரு மனைவியின் சந்தேகத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகவே இந்தக் கதையைச் சொல்.

இதைத் தெரிந்துகொண்டு உச்சிக்குப் போனால்தான் காட்சி புரியும். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்கக் கைப்பிடியோரம் நில். காலுக்குக் கீழே ஓட்டு வீடுகளும் மொட்டை மாடிகளும், அதைத் தாண்டிக் காவிரி, பாலம், பிறகு தென்னந்தோப்புக்குள்ளிருந்து எழுந்து நிற்கிற ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம். விபீஷணன் அயோத்தியிலிருந்து கொண்டுவந்த ரங்கநாதரை ஆற்றங்கரையில் ஒரு மாட்டுக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போக, பையன் சிலையைத் தரையில் வைத்துவிட்டு இந்த மலைக்கு ஓடிவந்த கதையை உன் சின்னவனுக்கு இங்கே நின்று சொல். ஓடின தூரம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். விபீஷணன் துரத்தி வந்து பிள்ளையார் நெற்றியில் குட்டினானாம்.

தண்ணீர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். தின்பண்டப் பொட்டலத்தைக் குரங்குக்குக் காட்டாதே. விநாயகர் சதுர்த்தியன்று மட்டும் மலை வேண்டாம். 150 கிலோவில் கொழுக்கட்டை செய்து, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போய் மேலேயும் கீழேயும் படைப்பார்கள், ஊரே படியில் நிற்கும்.

தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை

இறங்கும்போது எட்டு, எட்டரை ஆகியிருக்கும். டிபனை முடித்துக்கொண்டு தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்று. கடைகள் திறக்க இன்னும் நேரம் இருக்கும், ஷட்டர்கள் மூடியிருக்கும்போதுதான் பழைய கட்டடங்கள் கண்ணில் படும். ராத்திரி நெரிசலில் நடந்த தெருதானா இது என்று இருக்கும்.

குளத்தை ஒட்டி கிளைவ் தங்கியிருந்த வீடு இருக்கிறது. இப்போது அது செயின்ட் ஜோசப் கல்லூரியின் விடுதிக் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் போதும். 1751-52-ல் இந்தக் கோட்டைக்காகத்தான் முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டார்கள், ஒருவர் பின்னால் இங்கிலீஷ்காரன், இன்னொருவர் பின்னால் பிரெஞ்சுக்காரன். முற்றுகையைத் தளர்த்துவதற்காகத்தான் கிளைவ் ஆற்காட்டுக்குப் போய் அதைப் பிடித்தான். கடைசியில் பிரெஞ்சுப் படை 1752-ல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த கர்நாடகப் போர், இப்போது வளையல் கடை இருக்கிற இந்தத் தெருவில்தான் நடந்திருக்கிறது. பெரியவன் எட்டாம் வகுப்புதானே, அவனுக்குச் சொல்.

பக்கத்திலேயே லூர்து அன்னை ஆலயம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, ஊசிக் கோபுரம் மலைக்கே போட்டி போடும். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் காலை வெயில் விழும்போது பார்க்க வேண்டும், பூசை நடந்தால் பின்னால் அமைதியாக நில். அதை ஒட்டி இருக்கிற செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் இங்கே வந்தது. அப்துல் கலாம் படித்தது இங்கேதான். எழுத்தாளர் சுஜாதாவும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இங்கே படித்தவர். குளத்துக்கு வடக்கே, அவ்வளவாக யாரும் போகாத சின்னக் கிறிஸ்து நாதர் ஆலயம் ஒன்று உண்டு. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-ல் கட்டியது, அலங்காரம் அதிகமில்லாத கட்டடம்.

கோட்டைச் சுவரை 19-ஆம் நூற்றாண்டிலேயே இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். மிச்சம் நிற்பது மெயின்கார்டு கேட். ஆட்டோவும் பைக்கும் அதற்குள் நுழைந்து போய்க்கொண்டே இருக்கும், நின்று போட்டோ எடுக்கிறேன் என்று நடுரோட்டில் நிற்காதே. அகழி இருந்த இடம்தான் இப்போது மேலப்புலிவார்டு ரோடு.

அருங்காட்சியகம் ராணி மங்கம்மாள் மகாலில் இருக்கிறது. சொக்கநாத நாயக்கர் கட்டிய தர்பார் மண்டபம், உள்ளே இருக்கிற பொருளைவிட அந்தக் கூரையும் வளைவுகளும்தான் எனக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அம்மா பயணத்தை வைத்தால் இது கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நத்தர்ஷா பள்ளிவாசலும் நடக்கிற தூரம்தான். எல்லா மதத்தாரும் போகிற தர்கா. தலையில் முந்தானை போட்டுக்கொண்டு போ.

மத்தியானத்துக்குத் திருவானைக்கா

பதினொரு மணிக்கு லாட்ஜைக் காலி செய்துவிட்டு, பையை அங்கேயே கேட்டு வைத்துவிடு, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தால் திருவானைக்கா, ஸ்ரீரங்கம் இரண்டுக்கும் அதுவே போகும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் திருவானைக்காவில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உச்சிக்கால பூஜை. அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்துக்கொண்டு, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சிவனுக்குப் பூஜை செய்வார். முன்னால் மேளம், கோயில் யானை. இதைப் பார்க்காமல் திரும்பினால் திருவானைக்கா போனதாகவே நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். இது பஞ்சபூதத் தலங்களில் அப்பு, அதாவது தண்ணீர் லிங்கம். கருவறை தாழ்வாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் லிங்கத்தடியில் ஊற்று கசிந்துகொண்டிருக்கும். உள்ளே போகிற வழி குறுகல், அம்மா கையைப் பிடித்துக்கொள்.

சாப்பாட்டுக்கு இரண்டு வழி. பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட், பழைய மர மேசை, புகை படிந்த சுவர், நெய் மணம். கடை சின்னது, காத்திருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் ஸ்ரீரங்கம் கோயில் அன்னதானம், 2012-லிருந்து நாள் முழுக்கப் போடுகிறார்கள். நான் அம்மாவை வைத்துக்கொண்டு போனால் அன்னதானத்துக்குத்தான் போவேன். வயிற்றுக்குப் பாதகமில்லாத சாப்பாடு.

ஸ்ரீரங்கம்

156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். அரை நாளில் எல்லாம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ராஜகோபுரத்தைப் பார்த்து எல்லோரும் பழைய காலம் என்று நினைக்கிறார்கள். அடித்தளத்தோடு நின்றுபோய், நூற்றாண்டுக்கணக்கில் மொட்டையாகவே கிடந்து, 1987-ல்தான் 236 அடியாக எழுந்தது. நாம் பிறந்த காலத்துக் கோபுரம்.

வெளிப் பிராகாரங்கள்தான் சித்திரை வீதியும் உத்தர வீதியும், வீடுகளும் கடைகளும் கோயில் மதிலுக்குள்ளேயே. வரிசை நீளமாக இருந்தால் அம்மாவை மூத்த குடிமக்கள் வழியில் விடுவார்களா என்று கேள். சனிக்கிழமையும் ஏகாதசியும் தவிர்த்துவிடு. வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் பார்க்கப் போவதை நினைத்துக்கூடப் பார்க்காதே.

பெருமாளைச் சேவித்த பிறகு மூன்று இடத்தை விடாதே. சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்கள், பின்னங்காலில் எழும்பி நிற்கிற குதிரையும் அடியில் வேட்டைக்காரர்களும், ஒரே கல். பிள்ளைகள் அங்கிருந்து வரமாட்டார்கள். அடுத்தது துலுக்க நாச்சியார் சந்நிதி. சிலை கிடையாது, சுவரில் சித்திரம்தான். டெல்லி சுல்தான் மகள் ரங்கநாதர் மேல் காதல்கொண்டு வந்த கதை. அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. மூன்றாவது, கிழக்கே வெள்ளைக் கோபுரம். 14-ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தபோது பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார்கள், 1371-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் படை வந்த காலத்தில் வெள்ளையம்மாள் என்கிற தேவதாசி, படைத்தலைவனைத் தன் பேச்சால் மயக்கி, பொக்கிஷம் காட்டுகிறேன் என்று இந்தக் கோபுரத்தின் மேல் கூட்டிப் போய்க் கீழே தள்ளினாள், பிறகு தானும் குதித்தாள் என்று சொல்கிறார்கள். மற்ற கோபுரங்களுக்கு எல்லாம் வர்ணம் அடித்திருக்க, இது மட்டும் அவள் பெயரால் வெள்ளையாக நிற்கிறது. ஊருக்குள் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய நினைவுச் சின்னம் வேறு எங்கே இருக்கிறது, சொல்?

கோபுரங்களையெல்லாம் ஒரே பார்வையில் பார்க்க மேல்தளத்துக்கு டிக்கெட் கொடுத்து விடுவார்கள். நாலு மணிக்கு மேல் போ, தளம் அதுவரைக்கும் கால் வைக்க முடியாமல் சுடும்.

ஆறு

அஞ்சு மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து தெற்கே நேர் ரோட்டில் அம்மா மண்டபத்துக்கு வந்துவிடு. ஆட்டோ வேண்டுமானால் ஏறுவதற்கு முன்பே பேசிவிடு.

ஒகேனக்கல் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே. அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், மீன் வறுவலும் சாப்பாடும், பரிசலில் பிள்ளைகள் கூச்சல். இங்கே அது எதுவும் கிடையாது. இது திதி கொடுக்கிற படித்துறை. காலையில் போனால் வரிசையாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருக்கும், ஆடி, தை அமாவாசைக்கு நிற்க இடம் இருக்காது. அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னால், தர்ப்பணத்துக்கு என்ன ஆகும் என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உட்கார வை, முடிந்த பிறகு பேசினால் சங்கடம். ஆடியில் ரங்கநாதர் இந்தப் படித்துறைக்கு எழுந்தருளி, காவிரித் தாயாருக்குப் புடவை, தாலி என்று சீர் கொடுப்பார். யானை மேல் வரும் அந்தச் சீர்வரிசை.

குளிப்பதானால் படியை விட்டு இறங்காதே, கம்பி கட்டியிருக்கிற இடத்தைத் தாண்டாதே. மேலே அமைதியாகத் தெரிகிற ஆறு அடியில் இழுக்கும், மணல் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி நீர் வருகிறது என்று செய்தி வந்தால், படித்துறையை மூடிவிடுவார்கள், போலீஸிடம் மல்லுக்கு நிற்காமல் மேலே நின்று பார். உடை மாற்ற அறை இருக்கிறது. ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. கட்டின துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதை மறுநாள் அள்ளுகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள்தான்.

குளிக்காவிட்டாலும் பரவாயில்லை. கால் நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படியில் உட்காருங்கள். எதிர்க்கரையில், வீடுகளுக்கு மேலே, காலையில் ஏறின மலை தெரியும். அம்மாவிடம் ஊர்க்கதை கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செல்போனை எல்லோரும் பையில் போட்டுவிடுங்கள், தண்ணீரில் விழுந்தால் அதற்கு வேறு சண்டை.

இருட்டுவதற்கு முன்னால் டவுன் பஸ்ஸில் சத்திரம் திரும்பும்போது 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைக் கடப்பீர்கள். தாயுமானவர் கதையில் அந்தத் தாய் அக்கரையில் நின்று தவித்த ஆறு இதுதான் என்று பிள்ளைகளுக்கு நினைவுபடுத்து, இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிடலாம் இப்போது.

சேலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட், தொட்டியம் பக்கத்துப் பூவன் சீப்பு ஒன்று வாங்கிக்கொள். வாழைப்பழத்தைப் பைக்கு அடியில் போடாதே. திருச்சியிலிருந்து சேலம் மூன்று, மூன்றரை மணி நேரம். ராத்திரி சேலத்தில் இறங்கினால் நம்ம பக்கம் பஸ் குறைவு, அதனால் ஆறரைக்குள் திருச்சியை விட்டுக் கிளம்பப் பார். முடியாவிட்டால் சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் வா, அவளுக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, அரிசி ஊறப்போட வேண்டாம் என்று சொல்லிவிடு.